டெல்டாவில் புதிய எரிவாயுக் கிணறுக்குத் தடை, பழைய கிணறுக்கு?

காவிரி டெல்டாவை வேளாண் மண்டலமாக அறிவித்தாகிவிட்டதே, பிறகு ஏன் ஓஎன்ஜிசி (மத்திய அரசின் எண்ணெய், எரிவாயு நிறுவனம்) வண்டிகள் இன்னும் வந்து போகின்றன என்று திருவாரூர் பக்கம் அடிக்கடி கேட்பார்கள். 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதும் துளையிடுவதும் எடுப்பதும் கூடாது. சட்டம் வருமுன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை.

மீத்தேன், ஷேல் எரிவாயு (களிப்பாறை அடுக்குகளில் அடைந்திருக்கும் எரிவாயு), தோல் பதனிடும் ஆலை, தாமிர உருக்காலை, கப்பல் உடைப்பு எல்லாம் தடைப் பட்டியலில் உண்டு. மீறினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் இதில் வருகின்றன; தனி மாவட்டமாகப் பிரிந்த மயிலாடுதுறையை 2023-ல் திருத்தம் செய்து சேர்த்தார்கள். கடலூரில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி உள்ளிட்ட 5 வட்டாரங்கள், புதுக்கோட்டையில் அறந்தாங்கி, கறம்பக்குடி உள்ளிட்ட 5 வட்டாரங்கள் மட்டும். திருச்சி, கரூர், அரியலூர் இல்லை. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் தமிழ்நாட்டுச் சட்டம் அங்கே செல்லாது. ராமநாதபுரமும் மண்டலத்துக்கு வெளியேதான். அங்கே 20 சோதனைக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025-ல் அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு.

அரசியல் சட்டம் பிரித்துள்ள அதிகாரங்களில், எண்ணெய் வயல்கள் மத்தியப் பட்டியலில் உள்ளவை. வேளாண்மை மாநிலப் பட்டியலில். வேளாண்மையைப் பிடித்துக்கொண்டுதான் மாநிலம் இந்தச் சட்டத்தைப் போட்டது. மன்னார்குடிப் பகுதி நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டம் கிளப்பிய பயம் சும்மா வந்ததல்ல. நிலக்கரிப் படுகையில் அடைந்திருக்கும் மீத்தேன் வெளிவர, முதலில் அந்தப் படுகையின் நீரை மாதக்கணக்கில் இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நீர் இறங்கினால் உப்பு நீர் உள்ளே வரும். இறைத்த நீரும் உவர் நீர் என்றால், அதை வாய்க்காலில் விட முடியாது. சாதாரண எண்ணெய்க் கிணற்றில் ஆபத்து வேறு: 2017-ல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது.

பணக் கணக்குக்கு வருவோம். நிலத்தில் எடுக்கும் எரிவாயுவுக்குக் கிணற்றடி மதிப்பில் (கிணற்றிலிருந்து வெளிவரும் இடத்தில் அதற்குள்ள மதிப்பு) 10% ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. கடலில் எடுத்தால் மத்திய அரசுக்கு. விளைநிலத்தின் சொந்தக்காரருக்கு இதில் பங்கு இல்லை. மேல்மண்ணுக்கான குத்தகை, பயிர் இழப்பீடு, அவ்வளவுதான்.

ஓஎன்ஜிசிக்கு ஏலமில்லாமல் ஒதுக்கப்பட்ட பழைய எண்ணெய், எரிவாயு வயல்களின் எரிவாயு விலைக்கு 2023 ஏப்ரலில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. பத்து லட்சம் பிடியூவுக்கு (எரிவாயுவின் வெப்பத்தை அளக்கும் அலகு) முதல் இரண்டு ஆண்டு 6.5 டாலர், அதன்பின் ஆண்டுக்குக் கால் டாலர் கூடும். ஆனால் அதே வயலில் புதுக் கிணறு தோண்டினாலோ பழைய கிணற்றில் மறுபணி (உற்பத்தியைக் கூட்டச் செய்யும் சீரமைப்பு) செய்தாலோ, அந்த எரிவாயுவுக்கு 20% கூடுதல் விலை கிடைக்கும். பழைய வயலுக்குள்ளேயே மறுபடி துளையிட இது நல்ல தூண்டுதல். பழைய உரிமப் பகுதியில் தோண்டும் புதுக் கிணறு ‘நடந்துகொண்டிருக்கும் பணி’தானா? என் பார்வையில் சட்டத்தின் பலவீனமான இடம் இதுதான். எனவே உங்கள் ஊரில் வேலை தொடங்கினால், கிணற்றின் சர்வே நம்பர், உரிமம் எந்த ஆண்டு வாங்கியது, சுற்றுச்சூழல் அனுமதி எந்தக் கிணறுகளுக்கு என்ற மூன்றையும் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள்.

வேளாண் மண்டலச் சட்டத்தில் குழாய் பதிப்பதற்கும் விலக்கு உண்டு. அதற்கு 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் பொருந்தும். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். குழாய் போகும் பட்டையில் பயிர் செய்யலாம், ஆனால் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ கூடாது. அரசிதழில் அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். இழப்பீடு, அறிவிப்புத் தேதியில் அந்த நிலத்துக்கு உள்ள சந்தை மதிப்பில் 10%. பயிர், மரச் சேதத்துக்கான தொகை இந்த 10%-க்குள் அடங்காது. அதைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.