ஜீரோ போச்சுன்னா என்ன போச்சு? துப்பாக்கிக்காரங்க சொல்ற ஜீரோவும் நம்ம சுழியும்

அமெரிக்கால பென்சில்வேனியா பக்கம் ரைஃபிளால மான் வேட்டையாடற சீசன், நவம்பர்ல வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைய ஒட்டி ஆரம்பிக்கும். ரொம்ப வருஷமா அதுக்கு அடுத்த திங்கக்கிழமைதான், 2019ல இருந்துதான் சனிக்கிழமைக்கு மாத்தினாங்க. அதுக்கு முந்தின வாரங்கள்ல வேட்டைக்குப் போறவங்க பேசறத கேட்டா ஒரே புலம்பலா இருக்கும், புது ஸ்கோப் (துப்பாக்கி மேல மாட்டற குறிபாக்கற தொலைநோக்கி) போட்டேன் ஜீரோ நிக்க மாட்டேங்குது, நேத்து ஜீரோ பண்ணேன் இன்னிக்கு ஜீரோ போச்சு. முதல் தடவ கேட்டப்போ எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. ஒண்ணுமே இல்லாததுக்குப் பேரு ஜீரோ, அது எங்கங்க போகும்?

விஷயம் என்னன்னா, இங்க ஜீரோன்னா "ஒண்ணுமில்ல" கிடையாது, "வித்தியாசம் இல்ல". ஸ்கோப்ல தெரியற கூட்டல் குறிக் கோடு, அதான் கிராஸ்ஹேர், அத எங்க வைக்கறோம், குண்டு எங்க போய் விழுது, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் பூஜ்ஜியம், அவ்ளோதான். அதுவும் ஒரு குறிப்பிட்ட தூரத்துல மட்டும். அப்படி ஆகற வரைக்கும் ஸ்கோப்ப திருத்தறதுதான் ஜீரோ பண்றது. ஸ்கோப், துப்பாக்கிக் குழலுக்கு மேல சுமார் ஒண்ணரை இன்ச் உசரத்துல உக்காந்திருக்கு, பார்வை நேர்கோட்டுல போகும், குண்டு வளைஞ்சு போகும், ரெண்டும் எல்லா இடத்துலயும் ஒட்டி ஓட முடியாது. 308 வின்செஸ்டர்ங்கற தோட்டா போடற ரைஃபிள 100 கஜத்துக்கு ஜீரோ பண்ணி வச்சா 200 கஜத்துல சுமார் 4 இன்ச் கீழ அடிக்கும். அதனால வெறும் ஜீரோன்னு சொன்னா அது பாதி சொல்லுதான், எத்தன கஜத்துக்குன்னு சேத்து சொல்லணும்.

ஜீரோங்கற சொல்லோட வழி நம்ம பக்கத்துல இருந்தே கிளம்புது. சமஸ்கிருதத்துல சூன்யம், அத அரபுக்காரங்க சிஃப்ர்னு மொழிபெயர்த்தாங்க, 1202ல இத்தாலிக்காரர் ஃபிபொனாச்சி அத லத்தீன்ல செஃபிரும்னு எழுதினார், அது தேஞ்சு தேஞ்சு ஜீரோ ஆச்சு. அதே சிஃப்ர் இன்னொரு வழியா போய் சைபர் ஆச்சு. நம்ம தாத்தாங்க பரீட்சைல சைபர் வாங்கினதும் நாம ஜீரோ வாங்கினதும் ஒரே பாட்டியோட பேரப்பிள்ளைங்கதான். பூஜ்ஜியம் தனி கதை, பூஜைக்குரியதுங்கற சமஸ்கிருத சொல்லு எப்படியோ கணக்குக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. சுழிதான் நம்மளது, சுழல்றதுல இருந்து வந்தது, ஆத்துல சுழி, தலையில சுழி, காகிதத்துல பிள்ளையார் சுழி.

சரி, ஜீரோ ஒரு வித்தியாசம்னு புரிஞ்சுட்டா புது ஸ்கோப் பிரச்சனையில பாதி அங்கயே தெளிஞ்சுடும். பலபேர் பண்ற தப்பு, ஒரு குண்டு சுட்டுட்டு உடனே டரட்ட, அதாவது ஸ்கோப் மேல இருக்கற திருத்தற திருகிய, திருகறது. ஒரு குண்ட வச்சு வித்தியாசம் எப்படிங்க அளக்கறது? டரட்ட தொடாம, தாங்கி மேல வச்சு நிதானமா மூணு இல்ல அஞ்சு சுடணும், அப்புறம் ஓட்டைங்கள பாக்கணும். எல்லாம் ஒரு கொத்தா விழுந்து, ஆனா நடுவ விட்டு தள்ளி இருந்தா நல்ல செய்தி, அத நகத்தினா போதும். சாதாரண ஸ்கோப்ல டரட்ட ஒரு கிளிக் திருகினா குண்டு விழற இடம் 100 கஜத்துல கால் இன்ச் நகரும், ஒரு இன்ச்சுக்கு 4 கிளிக். ஆனா 25 கஜத்துல அதே இன்ச்சுக்கு 16 கிளிக் வேணும், இது தெரியாம 25ல நின்னுட்டு 4 கிளிக் திருகிட்டு ஸ்கோப் வேலையே செய்யலன்னு திட்றவங்க நெறைய.

கொத்தே விழாம அஞ்சாறு இன்ச்சுக்கு சிதறி கிடந்தா அது ஜீரோ பிரச்சனையே இல்ல, அப்ப டரட்ட திருகறது கானல்நீர துரத்தற கதைதான். ஸ்க்ரூவ பாக்கணும், அதுவும் கண்ணுக்குத் தெரியற, ஸ்கோப்ப புடிச்சிருக்கற வளைய ஸ்க்ரூ மட்டும் இல்ல, வளையத்துக்கு அடியில பேஸ, அதாவது அடித்தட்ட, புடிச்சிருக்கற ஸ்க்ரூ, அப்புறம் துப்பாக்கியோட கட்டையையும் இரும்பையும் சேக்கற ஸ்க்ரூ, இந்த ரெண்டும்தான் பெரும்பாலும் கவனிக்காம விட்டுப்போகும். அதுக்காக மூச்சப் புடிச்சு முறுக்கினா ஸ்கோப் குழாயே நசுங்கும், கம்பெனி சொன்ன டார்க் அளவுக்குதான், அதாவது முறுக்கு விசை அளவுக்குதான், முறுக்கணும். முறுக்கினப்புறம் ஸ்க்ரூ தலையில நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போட்டு வச்சா நகந்துச்சான்னு பிறகு பாத்தாலே தெரிஞ்சுடும். தோட்டா ஒரே வகையா இருக்கணும், மெல்லிசான வேட்டை பேரல் சூடானா குண்டு தடம் மாறும், ஆற விடணும். இதெல்லாம் சரியா இருந்தும் சிதறினா, நல்லா இருக்குன்னு ஏற்கனவே தெரிஞ்ச பழைய ஸ்கோப்ப மாட்டி சுட்டுப் பாருங்க, கொத்து திரும்ப வந்துச்சுன்னா குற்றவாளி யாருன்னு தெரிஞ்சுடும். வரலன்னா துப்பாக்கி, இல்ல சத்தத்துக்கு பயந்து கண்ண மூடற நாமளே.

இப்ப தமிழுக்கு வருவோம். ஜீரோ பண்றதுக்கு "பூஜ்ஜியமாக்கல்"னு போட்டா இருக்கறத அழிக்கற மாதிரி அர்த்தம் வருது, ஒத்துவராது. "குறி பார்த்தல்" அழகுதான், ஆனா அது ஒவ்வொரு தடவ சுடும்போதும் பண்றது, போதாததுக்கு சோசியக்காரர் வேற உள்ள வந்துடுவார். எனக்கு சரியா படற சொல்ல தேட வேண்டியதே இல்ல, பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்துலயே இருக்கு. நீளம் அளக்கற வெர்னியர் அளவி ஞாபகம் இருக்கா? தாடைங்க ரெண்டும் ஒட்டி இருக்கறப்பவே சுழிக்கோடு நேரா நிக்கலன்னா அது சுழிப்பிழை, அதுக்கு பண்ற கணக்கு சுழித்திருத்தம். நேர்ப்பிழைன்னா கழிக்கணும், எதிர்ப்பிழைன்னா கூட்டணும். குண்டு வலது பக்கம் விழுந்தா இடது பக்கம் திருகறதும் அதே கணக்குதானே. திருத்தி முடிச்சதும் டரட் வளையத்த தூக்கி 0 கோட்டுல வச்சுக்கற மாதிரி நெறைய ஸ்கோப்புங்க இருக்கு, சுழிங்கற பேரு அங்க எழுத்தாவே நிக்குது.

ஆக ஜீரோ பண்றது சுழித்திருத்தம், 100 கஜ ஜீரோ 100 கஜச் சுழி. குண்டு ஓட்டைங்க சேந்து விழறத அவங்க குரூப்னு சொல்வாங்க, அதுக்கு நான் முன்னாடி சொன்ன மாதிரி கொத்துன்னே வச்சுக்கலாம். ஜீரோ போச்சுன்னு சொல்றதுக்கு மட்டும் "சுழி தொலஞ்சது" வேணாம், நேத்து நடுவுல விழுந்த கொத்து இன்னிக்கு ரெண்டு இன்ச் தள்ளி விழுது, அவ்ளோதான் நடந்துருக்கு, அதனால "சுழி நகந்துடுச்சு".