பழைய லேத்துக்கு டிரைவ் மாட்டும்போது சுவிட்ச், சக் இரண்டையும் மறக்காதீர்கள்

சில மாதங்களுக்கு முன் கோவை கணபதி பக்கம் ஒரு பட்டறையிலிருந்து போன் வந்தது. "அண்ணா, டிரைவ் நல்லாத்தான் ஓடுதுங்க. ஆனா நேத்து சக்கு கழன்று விழுந்திருச்சு." டிரைவ் என்றால், சிங்கிள் பேஸ் கரண்டை த்ரீ பேஸாக மாற்றி, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி (விஎஃப்டி). போய்ப் பார்த்தேன். பெல்ட்டை மாற்றிப் போட்டு வேகம் மாற்றும் கோன் புல்லி வைத்த பழைய லேத் (கடைசல் மெஷின்), 2 ஹெச்பி மோட்டார், சுற்றும் தண்டான ஸ்பிண்டிலில் மரை போட்டு ஏற்றும், ஜாப்பைப் பிடிக்கும் 8 அங்குல சக். லேத்தின் அடிப்பாகத் தடத்தில் (பெட்), சக் விழுந்த இடத்தில் கட்டை விரல் நகம் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தச் சக் சுமார் 15 கிலோ. டர்னர் தம்பி அந்த நேரம் மறுமுனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளி நின்றிருக்கிறார், அதனால் கால் தப்பியது.

டிரைவைத் திறந்து செட்டிங் பார்த்தேன். நிற்கும் நேரம் அரை செகண்ட் என்று வைத்திருந்தார்கள். அவ்வளவு வேகமாக நிறுத்தினால் டிரைவ் டிரிப் ஆகும் என்று பிரேக் ரெசிஸ்டரும் வாங்கி மாட்டியிருந்தார்கள். பட்டனை அமுக்கியதும் டக்கென்று நின்றால் வேலை சீக்கிரம் முடியும் என்ற எண்ணம்தான்.

மரை சக் சுற்றும்போது தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். ஸ்பிண்டில் திடீரென்று நின்றால் சக் நிற்காது. கனமான இரும்பு, வந்த வேகத்தில் இன்னும் சுற்றும். அதே திசையில் மரையை விட்டுக் கழன்று வெளியே வரும். பழைய சிங்கிள் பேஸ் மோட்டார் காலத்தில் சுவிட்சை அணைத்தால் மெல்ல ஓடி நிற்கும், அதனால் இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. டிரைவ் வந்த பிறகுதான் அந்த மெஷினுக்கு முதல்முறையாக பிரேக் கிடைத்தது. மரை சக் உள்ள லேத்துக்கு நான் 5 செகண்டுக்குக் குறைத்து வைப்பதில்லை. ரிவர்ஸில் சுற்றினாலும் சக் கழலும், அதனால் அதையும் டிரைவிலேயே தடுத்துவிடுவேன். மரை வெட்டும் வேலைக்கு ரிவர்ஸ் வேண்டும் என்றால், சக் கழலாதபடி பூட்டு ஒன்று போட்ட பிறகுதான் திறந்து விடுவேன்.

இதைச் சொல்வதால் டிரைவ் வேண்டாம் என்று அர்த்தமில்லை. நானே நிறைய பட்டறைகளுக்கு மாட்டியிருக்கிறேன், இனியும் மாட்டுவேன். கெபாசிட்டர் மோட்டாரில் முறுக்கு விசை செகண்டுக்கு 100 முறை ஏறி இறங்கும், அந்த அதிர்வு கடைசல் முகத்தில் தெரியும். த்ரீ பேஸ் மோட்டார் மாற்றியதும் பினிஷ் மாறுவதைக் கையால் தடவினாலே உணரலாம். வீட்டு சிங்கிள் பேஸ் லைனிலேயே அது கிடைக்கிறது என்பது சிறு பட்டறைக்குப் பெரிய விஷயம்.

ஆனால் இங்கேதான் அடுத்த தப்பு. 230 வோல்ட் சிங்கிள் பேஸ் கொடுத்தால் டிரைவிலிருந்து வெளியே வருவதும் 230 வோல்ட் த்ரீ பேஸ்தான், 415 வராது. நம் ஊரில் சிறிய த்ரீ பேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியவை. ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் மூன்று வைண்டிங்கை இணைக்கும் இரண்டு முறைகள். அப்படியே மாட்டினால் விசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். டூல் பொருளைத் தொட்டதும் மோட்டார் உறுமும், சுடும், டிரைவ் டிரிப் ஆகும். பழி டிரைவ் மேல் விழும். மோட்டார் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு போல்ட் இருக்கும். ஒரு வரிசையில் உள்ள மூன்றையும் பித்தளைப் பட்டை குறுக்கே சேர்த்திருந்தால் ஸ்டார். பட்டைகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று ஜோடியாகப் போட்டால் டெல்டா. மாற்றும் முன் பெயர்ப் பலகையில் டெல்டாவுக்கு 230 அல்லது 240 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றே ஒயர் வெளியே வந்திருந்தால் வைண்டிங் கடையில் கொடுங்கள். உள்ளே கட்டி வைத்திருக்கும் ஸ்டார் முடிச்சைப் பிரித்து இன்னும் மூன்று ஒயர் எடுத்துத் தருவார்கள்.

அப்புறம், லேத்தில் ஏற்கெனவே இருக்கும் பார்வர்ட் ரிவர்ஸ் சுவிட்ச். அதைப் பிடித்துப் பழகிய கை அதைத்தான் தேடும். அதற்காக அதை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே விடாதீர்கள். ஓடும்போது அந்த லைனை வெட்டி ஒட்டினால் டிரைவின் உள்ளே இருக்கும் பவர் மாட்யூல் போய்விடும். கைப்பிடி வேண்டுமென்றால் அதன் ஒயரை டிரைவின் கண்ட்ரோல் டெர்மினலுக்குக் கொண்டு போகலாம்.

அதிலும் ஒரு ஆபத்து உண்டு, எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். கரண்ட் போகிறது. டர்னர் கைப்பிடியை ரன்னிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார். திரும்பி வந்து, சக்கில் சாவியை மாட்டி ஜாப்பைக் கழற்றும்போது கரண்ட் வருகிறது. சில டிரைவ்கள் ரன் சிக்னல் இருந்தால் அந்த நொடியே சுற்ற ஆரம்பித்துவிடும். பழைய மேக்னடிக் ஸ்டார்ட்டரில் கரண்ட் போனதும் காயில் பிடியை விட்டுவிடும், மறுபடி பச்சை பட்டன் அமுக்கினால்தான் ஓடும். அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றி எறிந்துவிட்டு டிரைவ் போட்டிருக்கிறோம். அதனால் போட்ட நிலையிலேயே நிற்கும் டாகிள் சுவிட்ச் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை. பச்சை, சிவப்பு என்று இரண்டு பட்டன், மூன்று ஒயர் கண்ட்ரோல் (கரண்ட் போய் வந்தாலும் பச்சையை மறுபடி அமுக்கினால்தான் ஓடும்), தானாக ஓட ஆரம்பிக்கும் ஆட்டோ ரீஸ்டார்ட்டை அணைத்துவிடுவேன். கை எட்டும் இடத்தில், அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் காளான் தலை எமர்ஜென்சி பட்டன் ஒன்று.

"இனி பெல்ட்டே மாத்த வேண்டாம்ல?" என்று எல்லா ஓனரும் கேட்பார்கள். மாற்றத்தான் வேண்டும். மோட்டாரின் முழு வேகம் 50 ஹெர்ட்ஸில். டிரைவில் அதைக் குறைத்து 10 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 2 ஹெச்பி மோட்டார் 0.4 ஹெச்பிதான் தரும். பின்னால் இருக்கும் குளிர்விக்கும் காற்றாடியும் அதே மெதுவில் சுற்றுவதால் மோட்டார் வெந்துவிடும். பெரிய விட்டத்தைக் கடைய, வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பேக் கியர் போடுங்கள், மோட்டாரை 25க்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். 50க்கு மேல் ஏற்ற ஆசைப்பட்டால், உங்கள் ஸ்பிண்டில் பால் பேரிங் இல்லாமல் கன்மெட்டல் புஷ்ஷில் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வேகத்துக்கு அதைச் செய்யவில்லை. சக்கும் அப்படித்தான்.

டிரைவை லேத் மேலேயே மாட்டாதீர்கள். காஸ்ட் அயன் தூள் உள்ளே போனால் ஷார்ட்தான். தூசி வடிகட்டி வைத்த பெட்டியில், சுவரில் மாட்டுங்கள். மோட்டார் பாடி, லேத் பாடி, டிரைவ் மூன்றுக்கும் எர்த் கட்டாயம். மெயினை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு டிசி நிற்கும். மேனுவலில் சொன்ன நிமிடம் வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வையுங்கள். மோட்டாரின் இன்சுலேஷனை மெகர் மீட்டரில் பார்ப்பதென்றால் டிரைவ் ஒயரை முழுவதும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

கணபதி பட்டறையில் ரெசிஸ்டரைக் கழற்றினேன், நேரத்தை 6 செகண்ட் ஆக்கினேன், பட்டன் பெட்டி மாற்றினேன். கிளம்பும் முன் லேத்தை ஓடவிட்டு, அந்தத் தம்பியையே மெயினை அணைக்கச் சொன்னேன். டிரைவின் டிஸ்ப்ளே முழுவதும் அணையும்வரை காத்திருந்து, மறுபடி போடச் சொன்னேன். டிஸ்ப்ளே எரிந்தது, சக் அசையவில்லை. இன்னொரு முறை செய்து பார்க்கலாமா என்று அவரே கேட்டார். செய்தோம்.