பதின்பருவ நட்பும் காதலும்: ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிகிறதா?

பதின்பருவப் பிள்ளைகளுக்கான உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்கிறார்கள்: “யாரோடு பழகுகிறான், என்ன பேசுகிறான் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?” பெற்றோரை வெளியே அமரச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசும்போது பிள்ளைகள் கேட்பது வேறு. “நான் வேண்டாம் என்று சொன்னால் அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவாளா?” “குரூப்பில் எல்லோரும் ஒருவனைக் கேலி செய்கிறார்கள், நான் மட்டும் சிரிக்காவிட்டால் என்னையும் ஒதுக்கிவிடுவார்களே, என்ன செய்வது?” உறவை இழக்காமல் மறுப்பது எப்படி என்பதே அவர்களுடைய கவலை. ஒரு நட்போ காதலோ ஆரோக்கியமானதா என்று பார்க்க, அதில் அச்சமின்றி ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிகிறதா என்பதைவிடத் தெளிவான அளவுகோலை என் பணியில் நான் கண்டதில்லை. அந்த மறுப்பைப் பிள்ளை முதலில் பழகிப் பார்ப்பது வீட்டில்தான் என்பதால், இந்தக் கட்டுரையைப் பெற்றோரை நோக்கியே எழுதுகிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தை வளரிளம் பருவம் என்று வகுக்கிறது. இந்த ஆண்டுகளில் பாராட்டுக்கும் அங்கீகாரத்துக்கும் ஏங்கும் மூளைப் பகுதிகள் முன்னதாகவே விழித்துக்கொள்கின்றன. விளைவை எண்ணிப் பார்த்து நிதானிக்க உதவும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் என்ற உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், காரோட்டும் கணினி விளையாட்டைச் சிலரைத் தனியாகவும் சிலரைத் தோழர்கள் சூழவும் ஆடவிட்டுப் பார்த்தார்கள். தோழர்கள் அருகிலிருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், தனியாக ஆடிய அதே வயதினரைவிட மிக அதிகமாக ஆபத்தைத் துணிந்து ஏற்றார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அப்படியொரு வேறுபாடு தென்படவில்லை.

இந்த ஆய்வை நான் பெற்றோரிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “இது தப்பென்று உனக்குத் தெரியாதா?” என்று வீட்டில் கேட்டால் பிள்ளை “தெரியும்” என்றுதான் சொல்லும், அது பொய்யும் இல்லை. நடுக்கூடத்தில் தெளிவாகத் தெரிந்த ஒன்று, நான்கு தோழர்கள் சுற்றி நின்று பார்க்கும்போது கைகொடுப்பதில்லை. அந்த நேரத்தில் அறிவுரை நினைவுக்கு வராது. வாயில் பழகிய சொல் இருந்தால் அதுதான் வரும். ஆகவே மறுக்கும் சொற்களை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழக வைக்கிறேன். காரணம் சொல்லத் தொடங்கினால் எதிராளி அந்தக் காரணத்தோடு வாதாடத் தொடங்கிவிடுவார் என்பதால், “எனக்கு வேண்டாம்டா, நீங்க போங்க” என்பது போன்ற சிறிய வாக்கியமே போதும். அதுவும் வராத பிள்ளைக்குப் பெற்றோர் தம் பெயரைக் கடன் கொடுக்கலாம்: “எங்க அம்மா விடவே மாட்டாங்க” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளத் தாராளமாக அனுமதியுங்கள். சில குடும்பங்களில் ஒரு குறிச்சொல்லை வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் செய்தியாக வந்தால் தாயோ தந்தையோ உடனே போன் செய்து “கிளம்பி வா” என்பார், அன்றிரவு எந்த விசாரணையும் இருக்காது. விசாரணை இல்லை என்ற பகுதியைக் காப்பாற்றாத வீட்டில் அந்தக் குறிச்சொல் மறுமுறை வருவதில்லை.

நட்பைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் ‘கெட்ட சகவாசம்’ என்ற ஒன்றை மட்டுமே பார்க்கிறார்கள். புகை, மது, பள்ளிக்கு மட்டம் போடுவது ஆகியவை கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத கொடுமை வேறு வகையில் நடக்கிறது. உறவையே ஆயுதமாக்கித் தாக்கும் இந்த நடத்தையை 1995-இல் நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் ஆகியோர் தனியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள்: பேசாமல் இருந்து தண்டிப்பது, வதந்தி கிளப்புவது, கூட்டத்திலிருந்து விலக்குவது. இன்று அதன் வடிவம் வாட்ஸ்அப் குரூப். என்னிடம் வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) அவன் தோழர்கள் குரூப்பிலிருந்து நீக்குவார்கள், இரண்டு நாள் கழித்துச் சேர்ப்பார்கள், மறுபடியும் நீக்குவார்கள். சேர்க்கும்போதெல்லாம் அவன் அவர்களுக்காக ஏதாவது செய்து கொடுத்திருப்பான்: வீட்டுப்பாடம், ரீசார்ஜ், யாரையோ திட்டி ஒரு பதிவு. “அவங்க என் ஃபிரெண்ட்ஸ்தான் சார், சும்மா விளையாடறாங்க” என்று அவன் சொன்னான். அந்த நட்பைக் குறை கூறாமல், “நீ முடியாது என்று சொன்ன ஒரு தடவையைச் சொல், அதற்குப் பிறகு என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டேன். அவனுக்கு வெகுநேரம் பதில் கிடைக்கவில்லை. நண்பர்களைத் திட்டியிருந்தால் அவன் அவர்களுக்காக வாதாடியிருப்பான். பிள்ளையின் தோழர்களைப் பெற்றோர் தாக்கும்போது நடப்பதும் அதுதான்.

நல்ல நட்பிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு நெருங்கிய தோழிகள் ஒருவருடைய துயரத்தை மற்றவர் நாள் முழுக்கக் கேட்பதும், அதே வேதனையைத் திரும்பத் திரும்பக் கிளறிப் பேசுவதும் அன்பாகவே தோன்றும். அமண்டா ரோஸ் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பேசும் பிள்ளைகளிடம் நெருக்கமும் கூடுதலாக இருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. தோழியின் பாரத்தை நள்ளிரவு தாண்டியும் சுமக்கும் பிள்ளையிடம், “நீ அவளுக்கு நல்ல தோழி, ஆனால் வைத்தியர் இல்லை. இதை ஒரு பெரியவரிடம் கொண்டுபோக அவளுக்குத் துணையாகப் போ” என்று சொல்வது உதவுகிறது.

இனி காதல். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒருவர்மீது ஈர்ப்பு தோன்றுவது வளர்ச்சியின் இயல்பான பகுதி. அதைக் குற்றமாக்கும் வீட்டிலும் அது தோன்றத்தான் செய்யும், பேசப்படாமல் இருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு. காதலைப் பற்றிப் பேசினால் அதை ஊக்குவிப்பது போலாகிவிடுமோ என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். பேசாத இடத்தில் பிள்ளைக்கு இலக்கணம் வகுப்பவை திரைக்கதைகளும் ரீல்ஸும்தான். அவற்றில் துரத்துவதும் சந்தேகப்படுவதும் கையை அறுத்துக்கொள்வதும் காதலின் ஆழமாகவே காட்டப்படுகின்றன.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தியோடு நடந்த உரையாடலை, அடையாளம் தெரியாதபடி, இங்கே சொல்கிறேன். அமர்ந்திருந்த நேரம் முழுவதும் போனை முழங்கால்மீது திரை மேலாக வைத்திருந்தாள். அது அதிர்ந்ததும், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுப் பதில் தட்டினாள். நான்காவது முறை நான் காரணம் கேட்டபோது, “உடனே ரிப்ளை பண்ணலன்னா வீடியோ கால் வரும், எங்க இருக்கேன்னு காட்டணும்” என்றாள். பிறகு, அவசரமாக, “அவனுக்கு என்மேல அவ்வளவு பாசம், கொஞ்சம் பொசசிவ்” என்றும் சொன்னாள். அவள் தோழிகள் இருவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள், விளையாட்டுப் பயிற்சிக்கு ஏற்றபடி கூந்தலை வெட்டிக்கொள்ள விரும்பியும் வெட்டவில்லை, கைப்பந்து அணியிலிருந்து விலகியிருந்தாள். ஒவ்வொன்றும் தன் சொந்த முடிவு என்றே அவள் நம்பினாள். அவனுக்குப் பிடிக்காத ஒன்றைச் சென்ற மாதத்தில் அவள் செய்ததுண்டா என்ற கேள்விக்குத்தான் அழுதாள்.

அடி விழுந்தால்தான் அது கொடுமை என்று பிள்ளைகளும் பெற்றோரும் நினைக்கிறார்கள். உடல் வன்முறையும் இருக்கிறது: அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019-இல் நடத்திய கணக்கெடுப்பில், டேட்டிங்கில் இருந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் அதை அனுபவித்ததாகச் சொன்னார்கள். எனினும் நான் பார்க்கும் உறவுகளில் பெரும்பாலும் கை ஓங்கப்படுவதற்கு வெகு முன்பே கட்டுப்பாடு தொடங்கிவிடுகிறது. பாஸ்வேர்டைக் கேட்பது, லொகேஷனை எப்போதும் ஆனில் வைக்கச் சொல்வது, யாரை பிளாக் செய்ய வேண்டும் என்று பட்டியல் கொடுப்பது, மறுத்தால் நாள்கணக்கில் பேசாமல் இருப்பது, பிரிய நினைத்தால் “செத்துப்போயிடுவேன்” என்பது. இவற்றைச் செய்பவர் பையனாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். பையன்கள் இதைச் சொல்ல இன்னும் அதிகமாகக் கூச்சப்படுகிறார்கள் என்பதால் அவர்களிடம் நாமாகவே கேட்க வேண்டியிருக்கிறது. தற்கொலை மிரட்டலைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள்: அதை அலட்சியப்படுத்தவும் கூடாது, அதற்குக் கட்டுப்பட்டு உறவில் தொடரவும் கூடாது. அந்த நொடியிலேயே மிரட்டியவரின் வீட்டாரிடமோ ஒரு பெரியவரிடமோ தெரிவித்துவிட வேண்டும். ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பை ஒரு பள்ளிப் பிள்ளை தனியாகத் தாங்கக் கூடாது.

அந்தரங்கப் படங்களை அனுப்பச் சொல்லிக் கேட்பதும் அனுப்பியதை வைத்து மிரட்டுவதும் இன்று ஒதுக்கிவிட முடியாத விஷயங்கள். ஒரு பிள்ளை இதில் சிக்கியிருப்பது தெரிந்தால், பெற்றோரின் முதல் வாக்கியம் “ஏன் அனுப்பினாய்?” என்பதாக இருக்கக் கூடாது, “சொன்னது நல்லதாயிற்று, இதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பதாக இருக்க வேண்டும். பணம் கொடுக்க வேண்டாம், கேட்டதற்கு இணங்கி மேலும் எதையும் அனுப்ப வேண்டாம், மிரட்டல் செய்திகளை அழிக்க வேண்டாம், காவல்துறையிடம் புகார் கொடுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் படங்கள் பரவுவதைத் தடுக்க, அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச இணையச் சேவையைத் தொடங்கியது. படம் பிள்ளையின் கருவியிலேயே இருக்கும். அதிலிருந்து உருவாகும் எண்முறை அடையாளம் மட்டுமே பங்கேற்கும் தளங்களுக்குச் செல்லும், அந்த அடையாளத்தோடு பொருந்தும் படத்தை அத்தளங்கள் கண்டறிந்து நீக்கலாம்.

இவ்வளவையும் படித்த பெற்றோருக்கு, பிள்ளையின் போனை உடனே வாங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் ஆகியோர் ஸ்வீடனில் பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட முடிவு, கண்காணிப்பைப் பற்றிய பொதுவான எண்ணத்தையே மாற்றியது. பிள்ளைகளின் வெளியுலக வாழ்க்கையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி துருவிக் கேட்டதால் வந்ததோ கட்டுப்பாடு விதித்ததால் வந்ததோ அல்ல. பிள்ளைகள் தாமாகவே வந்து சொன்னதால் வந்தது. என் பணியில் நான் பார்ப்பதும் இதுவே. ரகசியமாகப் போனைப் பார்த்ததைக் கண்டுபிடித்த பிள்ளை ஒழுங்காகிவிடுவதில்லை, இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்குகிறது. அதோடு, அன்பிருந்தால் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும் என்ற பாடத்தை அது வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது. அதே பாடத்தைக் காதலன் திருப்பிச் சொல்லும்போது பிள்ளையிடம் மறுத்துச் சொல்லப் பதில் இருக்காது. இளைய பிள்ளைக்கு விதிகள் வேண்டும், வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்யும் மேற்பார்வையும் வேண்டும். வயது கூடக்கூட அது தளர வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: பதின்பருவப் பிள்ளையோடு வயதுவந்த ஒருவர் காதல் என்ற பெயரில் பழகினால் அங்கே பொறுத்திருந்து பார்க்க எதுவும் இல்லை, அதைச் சுரண்டலாகவே கருதி உடனே தலையிட வேண்டும்.

தாமாகச் சொல்ல வைப்பது எப்படி என்று கேட்பவர்களிடம், பிள்ளை வீட்டில் மறுக்கும் சின்ன விஷயங்களைக் கவனிக்கச் சொல்கிறேன். உறவினர் கட்டிப்பிடிக்க வரும்போது பிள்ளை விலகினால், “பெரியவங்கடா, மரியாதை இல்லாம நடக்காதே” என்று தள்ளிவிடுகிறோமா? “அப்பா, இப்ப பேசப் பிடிக்கல” என்று சொன்னால் ஒரு மணி நேரம் விட்டுவைக்கிறோமா, கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறோமா? கோபித்துக்கொண்டு நாள்கணக்கில் பேசாமல் இருந்து பிள்ளையைப் பணிய வைக்கிறோமா? மறுத்த பிறகும் தன்மீதுள்ள அன்பு குறையவில்லை என்பதை வீட்டில் பலமுறை கண்ட பிள்ளைக்கு, மறுத்தால் அன்பை நிறுத்திவிடும் ஒருவர் வித்தியாசமாகத் தெரிவார். படிப்பு, தூக்கம், பாதுகாப்பு ஆகியவற்றில் பிள்ளையின் மறுப்பை ஏற்க முடியாத நேரங்கள் வரும். அப்போதும் காரணத்தைச் சொல்லி உறுதியாக நிற்கலாம், அவமதிக்கத் தேவையில்லை.

மறுக்கக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு, பிறர் மறுப்பதை ஏற்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். இதை நாம் மிகக் குறைவாகவே சொல்லிக்கொடுக்கிறோம், பையன்களுக்கு அதிலும் குறைவு. ஒருத்தி ‘வேண்டாம்’ என்றால் அது பேரம் பேசத் தொடங்கும் இடம் அல்ல என்பதையும், மௌனமும் தயக்கமும் சம்மதம் ஆகிவிடாது என்பதையும், நேற்று சரி என்றவர் இன்று மனம் மாறலாம் என்பதையும், ஈர்ப்பு தோன்றும் வயதுக்கு முன்பே நேரடியான சொற்களில் பேசிவிட வேண்டும். உறவு முறியும்போது அழுகை, கோபம், தூக்கமின்மை எல்லாம் வரும். “இந்த வயசுல இதெல்லாம் ஒரு காதலா” என்ற ஒற்றை வாக்கியம் அந்தத் துயரத்தைக் குறைப்பதில்லை, இனி இந்த வீட்டில் சொல்ல வேண்டாம் என்ற முடிவைத்தான் தருகிறது. அருகில் இருங்கள், சாப்பிட வையுங்கள், பிரிந்துபோனவருடைய சமூக ஊடகப் பக்கத்தைச் சில நாள் பார்க்காமல் இருக்கத் துணை நில்லுங்கள், பழிவாங்கும் பதிவுகளையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் வெளியிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு வாரம் கடந்தும் உணவும் உறக்கமும் சீராகாமல் போனாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, பிடித்த விஷயங்களிலிருந்து முற்றிலும் விலகினாலோ மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே அழைத்துச் செல்லுங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள்.