மடிப்புத் திரையா, மடக்குத் தட்டியா?

பழைய கொரிய வேட்டை ஓவியங்களைப் பற்றிய ஒரு வீடியோவின் தமிழ்த் துணைவரிகளில், அந்த ஓவியங்கள் இருக்கும் 'folding screen'-ஐ 'மடிப்புத் திரை' என்று நான்காவது முறையாகப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

கொரியர் அதை 'பியோங்புங்' என்பார்கள். இரண்டு சீன எழுத்துகள்: மறைப்பு, காற்று. ஜப்பானியரின் 'பியோபு'வும் அதேதான். வேர் அவ்வளவுதான்.

சரி, திரை என்றால் தொங்க வேண்டாமா? சிலப்பதிகாரத்து எழினியும், அதாவது அரங்கின் திரையும், தொங்குவதுதான். இதுவோ மரச்சட்டங்களில் தாளோ பட்டோ ஒட்டி, ஒன்றோடொன்று பிணைத்து, வளைந்து வளைந்து தரையில் நிற்பது. அப்புறம் அந்த 'மடிப்பு'. வேட்டியை மடிக்கிறோம், கத்தியையும் கட்டிலையும் மடக்குகிறோம். மடித்தால் பொருளே வளையும். மடக்கினால் மூட்டு மட்டும்தான். மரச்சட்டத்தை எப்படி மடிப்பது?

சட்டம் கட்டி மறைப்புக்கு நிறுத்தும் பொருளுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: தட்டி. ஆகவே மடக்குத் தட்டி. "அரண்மனைப் பொருளை டீக்கடைத் தட்டி ஆக்குகிறாயே" என்றார் ஒரு நண்பர். அரண்மனையில் மட்டுமா இருந்தது? வீட்டில் முன்னோருக்குப் படைக்கும்போதும் பின்னால் அதைத்தான் நிறுத்துகிறார்கள். காற்றை மறைப்பது என்று பெயரிலேயே இருக்கும்போது தட்டியில் என்ன கேவலம்? மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலத்தைப் பார்க்கிறார்களே தவிர பொருளைப் பார்ப்பதில்லை.

அதில் வரைந்த வேட்டை ஓவியத்தின் பெயரிலும் இதே கோளாறு. 'ஹோர்யோப்தோ' என்பதை வெறும் 'அரச வேட்டை' ஆக்கிவிட்டார்கள். 'ஹோ' என்பது வடக்கத்திய இனத்தாரைக் கொரியர் இளக்காரமாகச் சொன்ன சொல், இங்கே மஞ்சுக்கள். 1636-இல் படையெடுத்து வந்து, அடுத்த ஆண்டே ஜோசன் (அன்றைய கொரியா) அரசரை மண்டியிட வைத்தவர்கள். சீனாவை ஆண்ட அவர்களுடைய சிங் வம்சத்துப் பேரரசர் வேட்டையாடுவதைத்தான் பிற்கால ஜோசன் ஓவியர்கள் விரும்பி வரைந்தார்கள். வெறுப்பும் வியப்பும் கலந்த அந்த 'ஹோ'வை விட்டால் படத்தின் பாதி போய்விடும். 'வடவர் வேட்டை' என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் நம் ஊரில் வேறு பொருள் கிளம்பும். 'மஞ்சு வேட்டை' போதும்; மேகத்தை நினைப்பவர்களுக்கு ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடலாம்.

2020-இல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்து கொரியா மீட்டுக்கொண்ட ஹோர்யோப்தோவை 'எட்டு மடிப்புத் திரை' என்று எழுதியிருந்தார்கள். அதில் எட்டுச் சட்டங்கள். மடிப்பு என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு ஏழுதான் வருகிறது.