வைன்: கொடிமுந்திரித் தேறல்

கொடிமுந்திரி, அதாவது திராட்சைப் பழத்தைப் பிழிந்து, சாற்றை நொதிக்க விட்டு, மண்டி அடியில் படிந்த பிறகு மேலே நிற்கும் தெளிவை மட்டும் வடித்து எடுப்பது வைன். இதைக் காய்ச்சி இறக்குவது கிடையாது. சாராயத்துக்கும் இதற்கும் முதல் வேறுபாடு அதுதான். அகராதியில் இவ்வளவு எழுதினால் போதும். குமரி மாவட்டத்தில் இந்தச் சொல் புழங்கும் விதத்தைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு வீட்டுக்குப் போனால், அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் வைத்த தட்டோடு சின்னக் கண்ணாடி டம்ளர் ஒன்று வரும். "வைன்தான், குடிங்க" என்பார்கள். அதில் இருப்பது பன்னீர் திராட்சையைச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பரணி என்ற பீங்கான் சாடியில் மூன்று வாரம் போட்டு வடித்ததாக இருக்கலாம். அதே திராட்சையைப் பட்டை, கிராம்போடு கொதிக்க வைத்து ஆற்றிய சாறாகவும் இருக்கலாம். இதில் நொதிப்பே நடந்திருக்காது. இரண்டும் இல்லாவிட்டால் ஜிஞ்சர் வைன்: இஞ்சியும் கருக்கிய சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்ந்தது, ஒரு திராட்சைகூட இல்லாதது. மூன்றுக்கும் பெயர் வைன். குழந்தைக்குக் கொடுக்கலாமா, மாத்திரை சாப்பிடுகிறவர் குடிக்கலாமா, மது தொடாத பக்கத்து வீட்டுக்காரருக்கு நீட்டலாமா என்று தெரிய வேண்டிய நேரத்தில் இந்தப் பெயர் உதவுவதில்லை. அதனால்தான் "இது புளிச்சதா, புளிக்காததா?" என்று கேட்டுவிட்டு வாங்குகிறோம்.

சொல்லின் வழியைப் பார்ப்போம். இலத்தீனில் இதற்கு வீனும் என்று பெயர். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வீனோ, போர்ச்சுகலில் வீஞ்ஞு, ஜெர்மனியில் வைன். ஆங்கிலத்தின் வைனும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நமக்கு இது இரண்டு வழியாக வந்திருக்கிறது. ஒன்று கடல் வழி. போர்ச்சுகீசியரிடமிருந்து மலையாளம் வீஞ்ஞு என்று எடுத்துக்கொண்டது. மலையாள வேதாகமத்திலும் அந்தச் சொல்தான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த நம் மாவட்டத்தில், விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சொல் அந்நியமே இல்லை. மற்றது ஆங்கிலேயர் வழி. அதிலிருந்து பேச்சில் வைன் வந்தது, எழுத்தில் ஒயின் வந்தது. எழுத்தில் வந்ததற்கு ஒரு கெட்ட காலம்: தமிழ்நாடு முழுக்க மதுக்கடைக்கு 'ஒயின் ஷாப்' என்று பேர் விழுந்துவிட்டது. அங்கே விற்பது பெரும்பாலும் பிராந்தியும் ரம்மும் பீரும்தான். பண்டிகைக்குப் பாட்டி வடித்துத் தரும் ஒன்றுக்கும், குடும்பத்தைக் கெடுக்கிறது என்று பெண்கள் மறியல் செய்யும் கடைக்கும் ஒரே சொல் என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? உடனே நினைவுக்கு வருவது திராட்சரசம். வேதாகமத்துக் கானாவூர்க் கல்யாணத்தில் தீர்ந்துபோனது திராட்சரசம். நற்கருணையிலும் திருவிருந்திலும் பாத்திரத்தில் இருப்பதும் அதுதான். மரியாதையான சொல், தலைமுறைகள் வாயில் புழங்கிய சொல். ஆனால் ரசம் என்றால் சாறு. நொதித்ததா, நொதிக்காததா என்று அந்தச் சொல் சொல்லாது. இது வெறும் இலக்கண நுணுக்கம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், பலிக்கான ரசம் கொடிமுந்திரிக் கனியிலிருந்து இயற்கையாக உண்டானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வழக்கில் அது நொதித்ததுதான். சீர்திருத்த சபைகள் பலவற்றிலோ நொதிக்காத சாறு. 1869-இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், திராட்சைச் சாற்றைச் சூடாக்கி நொதிக்காமல் காக்கும் முறையைத் திருவிருந்துக்காகவே கண்டுபிடித்தார். கத்தோலிக்கரின் கோட்டாறு பேராலயமும் சீர்திருத்த சபையின் நாகர்கோவில் ஹோம் சர்ச்சும் உள்ள ஓர் ஊரில், இருவகைப் பானத்துக்கும் ஒரே சொல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பனையிடம் நாம் இப்படி நடந்துகொள்ளவில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அக்கானி, அதாவது பதநீர். தடவாமல் விட்டுப் புளித்தால் கள். ஒரே பாளை, ஒரே நீர். நொதித்ததும் பெயர் மாறிவிடுகிறது. அக்கானி குடித்த பிள்ளையைக் கள் குடித்தாய் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். கொடிமுந்திரிக்கும் இந்த அளவு தெளிவு வேண்டும் என்பதுதான் என் வாதம். நொதிக்காதது திராட்சைச் சாறு. நொதித்துத் தெளிந்ததற்குத் தேறல்.

தேறல் புதிதாக ஆக்கிய சொல் அல்ல. தேறு என்றால் தெளி. கலங்கிய கள்ளை அசையாமல் வைத்தால் கசடு கீழே போய் மேலே தெளிவு நிற்கும். அந்தத் தெளிவு தேறல். பரணியிலிருந்து வைன் வடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் இந்தச் சொல்லின் அருமை தெரியும். பரணியை முந்தின நாளிலிருந்தே யாரும் தொடக் கூடாது. ஒருவர் மெல்லச் சாய்க்க, இன்னொருவர் துணி கட்டிய பாத்திரத்தைப் பிடிப்பார். முதலில் வருவது கருஞ்சிவப்பாக, விளக்குக்கு நேரே பிடித்தால் ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். முக்கால் பங்கு வடிந்ததும் ஒரு மங்கல் தட்டும். அந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும். அடியில் தோலும் விதையும் செத்த ஈஸ்ட்டும் சேர்ந்த மண்டி. அதை விட்டுவிட்டு எடுத்தது எல்லாம் தேறியது.

கடல் கடந்து வந்த வைனையே நம் முன்னோர் இந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்பது இதற்குப் பெரிய சான்று. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை, 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' பொற்கலத்தில் பருகி மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறார். கிரேக்க, உரோம வணிகர்கள் கொண்டுவந்தது அந்தத் தேறல். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது, அவர்கள் வைன் ஏற்றிவந்த இருகாது சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் நாட்படப் போட்டு வைத்ததையும் 'நீடமை விளைந்த' தேறல் என்கிறது திருமுருகாற்றுப்படை. பழையதாக ஆக ஆகச் சுவை கூடுவதற்கு 'விளைதல்' என்ற சொல்லும் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

மற்றச் சொற்கள் ஏன் ஒத்துவரவில்லை என்றால், மது இன்று எல்லாக் குடிக்கும் பொது. நறவு அழகான சொல், ஆனால் இன்று வாயில் வராது. சாராயம் காய்ச்சி இறக்கியது. தேறல் பழைய நூல்களில் பலவகைத் தெளிவுக்கும் வந்திருப்பதால், முன்னால் கொடிமுந்திரி என்று சேர்த்துவிட்டால் ஐயம் இருக்காது. திராட்சைத் தேறல் என்றாலும் சரிதான். எனக்குக் கொடிமுந்திரி மேல் பிடித்தம் அதிகம், காரணமும் இருக்கிறது. எங்கள் பக்கம் முந்திரிப்பருப்பு அண்டிப்பருப்பு. அதை உடைக்கும் ஆலை அண்டி ஆபீஸ். அதனால் முந்திரி என்ற சொல் பழைய பொருளில், பழக்கொடிக்கே மிச்சம் இருக்கிறது. முந்திரிக்கொத்தில் அண்டிப்பருப்பு கிடையாது. சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான். உருண்டைகளை மூன்று நான்காக மாவில் முக்கிப் போட, ஒட்டிக்கொண்டு கொடிமுந்திரிக் கொத்தாகப் பொரிந்து வரும். பெயர் அதனால்தான்.

பெயர் அமைந்தால் வகைகளும் தானாக அமையும். தோலோடு நொதித்தது செந்தேறல். தோலை நீக்கிச் சாறு மட்டும் நொதித்தது வெண்தேறல். தோல் சில மணி நேரம் மட்டும் ஊறியது இளஞ்செந்தேறல். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. துவர்ப்பு என்ற இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டால் எந்தக் காலத்துக்கு எது என்பது பாதி விளங்கிவிடும்.

காலம் பார்த்துப் பானம் மாற்றுவது நமக்கும் பழையதுதான். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் இரவானதும் 'பட்டு நீக்கித் துகில் உடுத்தும், மட்டு நீக்கி மது மகிழ்ந்தும்' இருந்தார்கள். உடை மாறும் நேரத்தில் குடியும் மாறுகிறது. ஐரோப்பியர் கணக்கு என்னவென்றால், கோடைக்குக் குளிர்ந்த வெண்தேறலும் இளஞ்செந்தேறலும், பனிக்காலத்துக்குத் துவர்ப்பும் கனமும் உள்ள செந்தேறல். பிரான்சில் பொழொலே வட்டாரத்துப் புதுத் தேறல் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளியாகும். அது மென்மையானது, உடனே குடிக்க வேண்டியது. ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தைகளில் செந்தேறலைப் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோலோடு சூடாக்கித் தருவார்கள். அதைச் சுடுதேறல் எனலாம்.

அந்தக் கணக்கை அப்படியே குமரிக்குக் கொண்டுவந்தால் தப்பாகும். நம் டிசம்பரில் உறைபனி எங்கே இருக்கிறது? செந்தேறலை 'அறை வெப்பத்தில்' பரிமாறு என்று புட்டியில் எழுதியிருந்தால், அது 16, 18 டிகிரி உள்ள ஐரோப்பிய அறை. நம் வீட்டுக் கூடத்தில் 28 டிகிரியில் ஊற்றினால் மணத்தை அமுக்கிக்கொண்டு சாராய நெடி முன்னால் வரும். குடிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும். ரொம்பக் குளிர வைத்தாலும் கெடுதல்தான்: மணம் அடங்கித் துவர்ப்பு தூக்கும்.

சாப்பாடு அதைவிட முக்கியம். மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பு சேர்ந்தால் நாக்கு இரண்டு மடங்கு எரியும். மீனோடு செந்தேறல் குடித்தால் இரும்பை நக்கிய சுவை தட்டும். தேறலில் உள்ள இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேர்வதால் வருவது அது. ஆகவே குளச்சல் மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் இருக்கும் நாளில், எந்த மாதமானாலும், கொஞ்சம் இனிப்பு மிஞ்சிய வெண்தேறல்தான் கூடும். நாசிக் பக்கம் செனின் பிளாங் என்ற வெண்பழத்தில் அப்படிப்பட்டது வருகிறது. கிறிஸ்துமஸ் காலையில் ஆப்பமும் ஆட்டிறைச்சியும் என்றால் துவர்ப்பு குறைந்த செந்தேறல் நன்றாகப் போகும். முந்திரிக்கொத்தோடு துவர்க்கும் எதையும் வைக்க வேண்டாம், கருப்பட்டி இனிப்பு அதைக் கசப்பாக்கிவிடும். வீட்டில் செய்யும் இனிப்புத் தேறலோ போர்ச்சுகலின் போர்ட் என்ற வலுவூட்டிய தேறலோ போதும்.

சுடுதேறலுக்கு நம் ஊரில் ஏற்ற காலம் டிசம்பர் இல்லை, ஜூன், ஜூலை. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் தென்மேற்கு மழை விடாமல் அடிக்கும் சாயங்காலத்தில் அதன் அருமை தெரியும். தவக்காலத்தில் பல வீடுகளில் எந்தத் தேறலும் கிடையாது, ஈஸ்டருக்கு மறுபடி வரும். ஈஸ்டர் விழுவது மார்ச் கடைசி, ஏப்ரல் வெயிலில். குளிர வைத்த இளஞ்செந்தேறல் அதற்குப் பொருந்தும். ஓணத்துக்கு இங்கே உள்ளூர் விடுமுறை உண்டு என்றாலும், அடப்பிரதமன் பாயசத்துக்குப் பக்கத்தில் எந்தத் தேறலும் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கும் நவம்பர் கடைசியில் பரணி நிரம்பினால், கிறிஸ்துமஸுக்கு வடிக்கச் சரியாக இருக்கும் என்பது வீடுகளின் கணக்கு. ஆனால் உரிமம் இல்லாமல் நொதித்த மது தயாரிப்பதை 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அனுமதிக்கவில்லை, வீட்டு வைனானாலும். அதைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். கொதிக்க வைத்த சாற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

புத்தாண்டு இரவுக்குக் குமிழித் தேறல். பிரான்சின் ஷாம்பேன் வட்டாரத்தில் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்து எடுப்பது மட்டுமே ஷாம்பேன். மற்ற ஊர்களில் செய்வதற்குக் குமிழித் தேறல் என்ற பொதுப் பெயர்தான் முறை. 6 முதல் 8 டிகிரி வரை குளிர வேண்டும், அதாவது ஃபிரிட்ஜில் குறைந்தது மூன்று மணி நேரம். வெதுவெதுப்பாகத் திறந்தால் பாதி நுரையாகத் தரைக்குப் போய்விடும்.