மறுபடியும் மறுபடியும் நிற்கும் படகு எஞ்சின்: கோளாறு எஞ்சினில்தானா?

முட்டுக்காடு, கோவளம் பக்கத்தில் சொந்த உபயோகத்துக்குப் படகு வைத்திருப்பவர்களுக்கு, படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் வேலை பார்க்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு வரும் போன்களில் நான் அதிகம் கேட்கும் வார்த்தை ‘மறுபடியும்’. "மறுபடியும் அதே மாதிரி நின்னுடுச்சு அண்ணே."

ஒரே கோளாறு மூன்றாம் முறை வருகிறது என்றால், முதல் இரண்டு முறையும் நாம் வேறு எதையோ சரிசெய்திருக்கிறோம். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்.

ஒரு படகைப் பற்றிச் சொல்கிறேன். 17 அடி ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், படகின் தளத்துக்கு அடியில் பெட்ரோல் டேங்க். கரையில் ஓட்டிப் பார்த்தால் பிசிறில்லாமல் ஓடும். தண்ணீரில் இறக்கி முழு வேகத்தில் இருபது நிமிடம் போனதும் இழுத்து இழுத்து நின்றுவிடும். பத்து நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். என்னிடம் வருவதற்குள் இரண்டு முறை பிளக் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலையும் மாற்றியிருந்தார்கள். படகுக்காரர் வெறுத்துப்போய், "பேசாம எஞ்சினையே வித்துடவா?" என்று கேட்டார்.

"ஒரு ரவுண்டு கூட வரேன் சார், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன்.

பதினெட்டாவது நிமிடத்தில் எஞ்சின் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எஞ்சின் மூடியைத் திறக்காமல், பெட்ரோல் ஹோஸில் இருக்கும் கைப்பம்பைத் தொட்டுப் பார்த்தேன். உருண்டையாக, கெட்டியாக இருக்க வேண்டிய ரப்பர், பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி மாதிரி ஒட்டிப்போயிருந்தது. டேங்க் மூடியைத் திருகியதும் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம். கைப்பம்பு மெல்ல உப்பியது. நாலு அமுக்கு அமுக்கி ஸ்டார்ட் செய்தோம், ஓடியது.

கரைக்கு வந்து படகின் பக்கவாட்டில் டேங்குக்குக் காற்று போகும் சின்ன வென்ட் துவாரத்தைப் பார்த்தால், உள்ளே மண். குளவி கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி எடுத்தபோது காய்ந்த மண்ணோடு குளவி தன் புழுவுக்குச் சேர்த்து வைத்திருந்த சிலந்திகளும் உதிர்ந்தன. அந்தப் படகின் கோளாறு மொத்தமும் அந்த ஒரு சிட்டிகை மண்தான்.

டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் பம்பால் இழுக்க முடியாமல் போகும். கரையில் ஐட்லிங்கில் ஓடும்போது செலவு குறைவு என்பதால் தெரியாது. பத்து நிமிடம் விட்டால் மூடியின் ஓரமாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போய்விடும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் நாட்கணக்கில் யாருக்கும் பிடிபடவில்லை.

எனவே எஞ்சின் நின்றால், முதலில் எப்படி நின்றது என்று கவனியுங்கள். சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம்: ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றின் கிளிப் சரியாக உட்காராமல் இருக்கலாம், பேட்டரி முனை பச்சை பிடித்திருக்கலாம், காயில் சூடாகிச் செத்திருக்கலாம். இழுத்து, திணறி, குறைந்து நின்றால் பெட்ரோல் பக்கம். திணறும்போதே கைப்பம்பை அமுக்கிப் பாருங்கள். வேகம் மீண்டால் கார்புரேட்டரை விட்டுவிட்டு டேங்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள வழியைத் தேடுங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே உறை பிய்ந்து வழியை அடைத்திருக்கும். கனெக்டரில் இருக்கும் ஓ-ரிங் என்ற சின்ன ரப்பர் வளையம் வெடித்துக் காற்று இழுக்கும்.

சந்தேகம் தீர ஒரே சோதனை போதும். புது பெட்ரோல் ஊற்றிய தனி டேங்க், தனி ஹோஸ். அதை மாட்டி, கோளாறு வரும் அதே வேகத்தில் அதே நேரம் ஓட்டுங்கள். கோளாறு வரவில்லையென்றால் எஞ்சின் மேல் கை வைக்காதீர்கள். இந்தச் சோதனைக்கு முன் பிளக் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், அது நானாகவே இருந்தாலும், ஏன் என்று கேளுங்கள்.

இப்போது இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. அவுட்போர்டு கம்பெனிகள் பலவும் 10 சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்கின்றன. உங்கள் எஞ்சின் கையேட்டைப் பாருங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தினமும் ஓடும் காருக்கு இது பெரிய விஷயமில்லை. மாதம் ஒருமுறை ஓடும் படகு, கடலோர ஈரத்தில், பாதி டேங்கோடு நிற்கிறது. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் ஓர் இரவு வையுங்கள். நடுவே கோடு தெரிந்தால் அந்த பெட்ரோல் தீர்ந்தது. மேலே புதுசு ஊற்றினால் சரியாகாது, முழுக்க இறக்கத்தான் வேண்டும். தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் கட்டாயம் போடுங்கள். கீழே கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாக இருந்தால் பார்வையிலேயே தெரியும். இந்த வேலைகளைத் திறந்த வெளியில், பேட்டரியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல் செய்யுங்கள்.

அடுத்து சூடு. எஞ்சினிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தாலே நிறுத்திப் பாருங்கள். பீப் சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கரையில் ‘ஒரு செகண்டுதான்’ என்று தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்வதுதான், எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் எமன். ரப்பர் இதழ் பிய்ந்தால், புது இம்பெல்லர் போட்டதோடு வேலை முடிவதில்லை. பிய்ந்த துண்டுகள் எங்கே என்று எண்ணித் தேட வேண்டும். ஆறு இதழில் இரண்டு காணோம் என்றால் அவை தண்ணீர் வழியில்தான் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் அடுத்த மாதம் ‘மறுபடியும்’ சூடாகும். உப்புத் தண்ணீரில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் அலசுங்கள். உள்ளே படியும் உப்பு பாறை மாதிரி இறுகிவிடும், சூட்டுக்குத் தக்கபடி தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் பிடித்துக்கொள்ளும்.

கியர் ஆயில் பால் போல வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீல் மாற்றும் முன் புரொபெல்லரைக் கழற்றிப் பாருங்கள், தூண்டில்காரர்கள் விட்ட தங்கூஸ் நரம்பு தண்டில் சுற்றி சீலை அறுத்திருக்கும். எஞ்சின் மட்டும் கத்துகிறது, படகு நகரவில்லை என்றால் பாதி நேரம் புரொபெல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. அதைப் பார்க்காமல் கியர்பாக்ஸைப் பிரித்தவர்கள் உண்டு.

இவ்வளவு எழுதுவது செலவை நினைத்து மட்டுமல்ல. கழிக்குள் எஞ்சின் நின்றால் துடுப்புப் போட்டாவது வந்துவிடலாம். முகத்துவாரத்தில் நின்றால் நிலைமையே வேறு. அலை உடையும் இடத்தில் படகு பக்கவாட்டில் திரும்ப ஒரு நிமிடம் போதும். ‘போன வாரம் நின்றது, இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது’ என்ற நிலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அந்த வாயைத் தாண்டாதீர்கள். காரணம் தெரியாமல் தானாகச் சரியாகிவிட்ட கோளாறு உண்மையில் சரியாகவில்லை. நங்கூரம் கயிற்றோடு கட்டி முன்பக்கம் தயாராக இருக்கட்டும், எல்லோர் மேலும் லைஃப் ஜாக்கெட் இருக்கட்டும். நின்றுவிட்டால் முதலில் நங்கூரத்தைப் போடுங்கள். படகின் முனை அலையைப் பார்த்துத் திரும்பிய பிறகு எஞ்சின் பக்கம் போங்கள், முதலில் அந்தக் கைப்பம்பைத் தொட்டுப் பாருங்கள்.