மேஷ்: மசியலா, ஊறலா, துழவையா?

வீட்டில் முழுத் தானியத்திலிருந்து பியர் காய்ச்சுவதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், 'மேஷ்' என்ற சொல்லுக்கு முதலில் கைக்கு வருவது 'மசியல்'. ஓசை ஒத்துப்போகிறது, உருளைக்கிழங்கு மசியலுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஆனாலும் இந்த இடத்துக்கு அது ஆகாது.

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம். உடைத்த பார்லி மால்ட்டைச் சுடுநீரில் கலந்து, சுமார் 66 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்திருப்பதுதான் மேஷ். தானியம் முளைத்தபோது உண்டான நொதிகள் அந்தச் சூட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. மால்ட்டை மாவாக அரைப்பதில்லை, இரண்டு மூன்றாக உடைத்தால் போதும். உமி முழுசாக இருந்தால்தான் கடைசியில் அதுவே வடிகட்டியாக நின்று சாறு இறங்க வழிவிடும். மசித்துவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

சொல்லின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் 'மாக்ஸ்விர்ட்' என்றொரு சொல் உண்டு: மேஷிலிருந்து வடித்த சாறு. ஜெர்மனில் இன்றும் 'மைஷே'. வேர்ச்சொல்லின் பொருள் 'கலப்பது' என்று கொள்கிறார்கள். நசுக்குவது என்பது பின்னால் வந்து ஒட்டியது. இங்கிலாந்தில் டார்பிஷர், யார்க்‌ஷர் பக்கம் தேநீர் போடுவதையும் 'மேஷ்' என்பார்கள். தேயிலையை யாரும் மசிப்பதில்லையே, வெந்நீர் ஊற்றி விடுவதுதானே!

ஆக, மேஷில் உயிரான விஷயம் தண்ணீர் அளவு. ஒரு கிலோ மால்ட்டுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. 5 கிலோவுக்கு 15 லிட்டர் ஊற்றினால் 15 லிட்டரும் திரும்பி வராது. கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரைத் தானியம் குடித்துவிடும். கையில் கிடைப்பது 10 லிட்டர்தான். கொதிக்கவைக்க 25 லிட்டர் வேண்டுமென்றால் இன்னும் 15 லிட்டரைத் தானியத்தின் மேல் ஊற்றி அலசி எடுக்க வேண்டும். சூட்டுக்கும் இதே மாதிரி கணக்கு உண்டு. மால்ட் 20 டிகிரியில் இருந்தால், கலவை 66-க்கு வர நீர் 72 டிகிரிக்குச் சூடாக வேண்டும்.

பழைய குறிப்புகளைப் பின்பற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஒரு பவுண்டுக்கு ஒன்றேகால் குவார்ட்' என்று இருந்தால், எந்த நாட்டுக் குவார்ட் என்று பாருங்கள். அமெரிக்கக் குவார்ட்டில் அது கிலோவுக்கு 2.6 லிட்டர், பிரிட்டிஷ் குவார்ட்டில் 3.1 லிட்டர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஊறல்' என்றால் நம் காதில் சாராய ஊறல்தான் விழும். அது நொதிக்கும் கட்டம். மேஷில் ஈஸ்ட் இன்னும் சேரவே இல்லை. 'கூழ்' பரவாயில்லை, ஆனால் பொதுப்பெயர்.

எனக்குப் பிடித்தது 'துழவை'. பெரும்பாணாற்றுப்படையில் கள் சமைக்கும் இடத்தில் 'அவையா அரிசி அம்களித் துழவை' என்று வருகிறது. குற்றாத அரிசியைத் துழாவிச் சமைத்த கூழ். அதை வாயகன்ற பிழாவில் ஆற்றி, நல்லடை என்ற முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, சாடியில் விளையவைக்கிறார்கள். அது அரிசி, இது பார்லி. செய்முறையும் அப்படியே ஒன்றல்ல. ஆனால் துழவு என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது. உடைத்த தானியத்தில் சுடுநீரை ஊற்றி, கட்டி தட்டாமல் அகப்பையால் துழாவும்போது கை செய்யும் வேலையும் அதேதான்.